எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தால் ஜெபம் எதற்கு?

கேள்வி: யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதை உலகத் தோற்றத்துக்கு முன்னரே தேவன் தீர்மானித்துவிட்டார் என்று வேதபாட வகுப்பில் கேட்டதிலிருந்து, சபையை விட்டு விலகிய என் தம்பிக்காக ஜெபிக்க மனம் வரவில்லை. நானே தெரிந்துகொள்ளப்பட்டவள்தானா என்றும் பயமாயிருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, முன்குறித்தல் என்ற சொல் உங்கள் காதில் தலைவிதி என்று விழுந்துவிட்டதாகத் தோன்றுகிறது. தலைவிதி என்று நாம் புலம்பும்போது, நடுவில் யார் என்ன செய்தாலும் முடிவு மாறாது என்றே பொருள்கொள்கிறோம். சீர்திருத்த சபைகளின் கோட்பாட்டு அறிக்கையாக 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோ, தம்முடையவர்களை மகிமைக்கென்று நியமித்த தேவன் அதற்கான வழிவகைகளையும் முன்குறித்தார் என்றும், அவருடைய தீர்மானத்தால் மனிதருடைய சித்தம் பலவந்தம் செய்யப்படுவதில்லை என்றும் தன் மூன்றாம் அதிகாரத்தில் கூறுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். புயலில் சிக்கிய கப்பலில் ஓர் உயிர்கூடச் சேதமாகாது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லிவிட்டான். ஆயினும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அதே பவுல் நூற்றுக்கதிபதியை எச்சரிக்க, போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். பிறகு அனைவரும் உணவருந்தி, கோதுமையைக் கடலில் எறிந்து கப்பலை இலகுவாக்கினார்கள். கப்பல் உடைந்தபோது சிலர் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும் கரையேறினார்கள். வாக்களிக்கப்பட்டபடியே 276 பேரும் பிழைத்தார்கள், ஆனால் கைகால் அசைக்காமல் பிழைக்கவில்லை. தம்பிக்கான உங்கள் ஜெபத்தை அந்தப் பலகைகளில் ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பயத்துக்கு, நெதர்லாந்தில் 1618-19இல் கூடிய சீர்திருத்த சபைகளின் டார்ட் மாமன்றமே விடை தந்திருக்கிறது. முன்குறித்தலை வேறுவிதமாக விளக்கிய அர்மீனியஸ் என்ற இறையியலாளரின் வழிவந்தவர்களை மறுத்துக் கடுமையாக எழுதப்பட்ட அதன் தீர்மானங்களில், விசுவாசத்தின் உறுதியை இன்னும் உணராதவர்கள் தெரிந்துகொள்ளப்படாமல் கைவிடப்பட்டோரைப் பற்றிய பேச்சைக் கேட்டுக் கலங்கவோ தங்களை அவர்களோடு சேர்த்துக்கொள்ளவோ கூடாது, ஜெபத்திலும் வேதவசனத்திலும் நிலைத்திருக்க வேண்டும் என்ற கனிவான பகுதியும் இருக்கிறது. வகுப்புகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போவது எனக்கு வருத்தமே. தேவனுடைய மறைவான ஏட்டைப் புரட்டிப் பார்க்க முயலாமல், தெரிந்துகொள்ளுதலுக்குக் கண்ணாடியான கிறிஸ்துவைப் பாருங்கள் என்றே சீர்திருத்த இறையியலாளர் கால்வினும் எழுதினார்.

இந்த முன்குறித்தல் போதனையை ஏற்காத, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியைப் போன்ற பக்தர்களும் உண்டு; அந்த விவாதத்தைத் தீர்த்த பிறகுதான் ஜெபிக்க வேண்டும் என்பதில்லை. இந்த வாரமே தம்பியை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். சபைப் பேச்சை அவராக எடுக்கும்வரை நீங்கள் தொடங்க வேண்டாம்.