வெளிநாட்டு உதவியை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது? பிரிட்டன் குறித்த கேள்வி பதில்

கேள்வி: பணக்கார நாடு இவ்வளவு உதவி தர வேண்டும் என்று விதி உண்டா?

பதில்: கட்டாய விதி இல்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்று 1970இல் ஐ.நா. பொதுச்சபை இலக்கு வைத்தது. பிரிட்டன் அதை எட்டியது 2013இல்தான். 2015இல் சட்டமாகவும் ஆக்கியது.

கேள்வி: ஐயா, சட்டம் இருந்தும் எப்படிக் குறைத்தார்கள்?

பதில்: அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. இலக்கு தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னால் போதும். 2020 நவம்பரில் நிதியமைச்சர் ரிஷி சுனக், கொரோனாவால் ஏறிய கடனைக் காட்டி 0.5 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். 2020இல் ஏமனுக்கு 16 கோடி பவுண்டு அறிவித்த அரசு, மறு ஆண்டு 8.7 கோடியோடு நின்றுகொண்டது. ஏமனில் அப்போது பஞ்சம் வாசலில் நின்றது. என்னால் இதைச் சிக்கனம் என்று ஏற்க முடியவில்லை.

கேள்வி: தொழிலாளர் கட்சி ஆட்சிக்கு வந்தால் உதவி கூடும் என்பார்களே?

பதில்: பாதி உண்மை. 1997இல் உதவிக்கென்று தனி அமைச்சகம் அமைத்தது அந்தக் கட்சிதான். ஆனால் 0.7 எட்டப்பட்டது எதிரணியான கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் கேமரூன் ஆட்சியில், மற்ற செலவுகளையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில். 2027க்குள் 0.3க்கு இறக்குவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தவரோ தொழிலாளர் கட்சிப் பிரதமர் ஸ்டார்மர். வெட்டிய பணம் ராணுவத்துக்குப் போகிறது. வெளிநாட்டு உதவிக்கான அமைச்சர் அனலீஸ் டோட்ஸ் பதவி விலகியும் முடிவு மாறவில்லை. கட்சியைவிட, அமைச்சரவையில் உதவிக்காக வாதாட வலுவான ஆள் இருக்கிறாரா என்பதையே நான் பார்ப்பேன். 2020 செப்டம்பரில் தனி அமைச்சகத்தை வெளியுறவுத் துறையோடு இணைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் வெட்டு வந்தது.

கேள்வி: வணிக லாபத்துக்காகவும் கொடுப்பார்களா?

பதில்: கொடுத்திருக்கிறார்கள். மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு. பின்னணியில் ஆயுத வியாபாரம். இது வீண்செலவு என்று அதிகாரிகளே எதிர்த்தார்கள். 1994இல் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது.

கேள்வி: சதவீதம் மாறாவிட்டால் ஏழை நாடுகளுக்குப் போவதும் மாறாதுதானே?

பதில்: மாறும். முதலில், இது வருமானத்தின் பங்கு. பொருளாதாரம் சுருங்கினால் உதவியும் சுருங்கும். இரண்டாவதுதான் கொடுமை. உள்நாட்டுக்கு வரும் அகதிகளுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவையும் வெளிநாட்டு உதவிக் கணக்கில் எழுதலாம் என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. அனுமதிக்கிறது. 2022இல் பிரிட்டன் அப்படி எழுதியது சுமார் 370 கோடி பவுண்டு. மொத்த உதவியில் 29 சதவீதம். பெரும்பங்கு தங்குமிடச் செலவு, அதிலும் ஹோட்டல் வாடகை. அகதியைக் காப்பது கடமை. அதற்கு உள்துறை பட்ஜெட் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமத்துத் தடுப்பூசிக்கான பணத்தில் கைவைக்க வேண்டியதில்லை.