எல்லாவற்றுக்கும் மூன்றாம் நிலையா?

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளியில் பள்ளிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியத் திட்டமான 'ஷாலா சித்தி'யின் சுயமதிப்பீட்டுப் படிவம் நிரப்புகிறோம். வெளிக்குழு வந்தால் பெயர் கெடும், எல்லாவற்றுக்கும் உச்சமான மூன்றாம் நிலையே போடுவோம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன செய்ய?
- ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்: வேண்டாம் அம்மா. 2015இல் தொடங்கிய இந்தத் திட்டம் பள்ளிகளுக்கு ரேங்க் போட வந்ததல்ல. 7 களங்கள், 46 அளவுகோல்கள், முடிவில் மேம்பாட்டுத் திட்டம். எல்லாமே உச்சம் என்றால் அந்தத் திட்டத்தில் எதை எழுதுவீர்கள்?

பள்ளி வளங்கள் பற்றிய முதல் களத்தையே பாருங்கள். கழிப்பறை இருக்கிறதா என்பது ஒரு மதிப்பீடு, பயன்படுத்தும்படி இருக்கிறதா என்பது இன்னொன்று. தலைமையாசிரியையாக இருந்தபோது இதை நான் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம்தான் கேட்பேன். தாழ்ப்பாள் உடைந்திருப்பதும் மதியத்துக்கு மேல் தண்ணீர் நின்றுபோவதும் அவர்களுக்குத்தான் தெரியும். வந்துபோகும் குழுவுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்பது நமக்குப் பழகிப்போயிருக்கும். வெளியாள் கண்ணில் அது உடனே படும். அதற்கு அவர்கள் கட்டாயம் வேண்டும், பயப்படாதீர்கள். அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரையும் உட்காரவைத்து நிரப்புங்கள். அடிமட்டமான முதல் நிலை என்றால் முதல் நிலை என்றே எழுதுங்கள்.