நிரூபிக்க முடியாதா? எதை வைத்து?

கே: "கணிதத்திலேயே எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது என்று கோடல் சொல்லிவிட்டார், அப்புறம் எதைத்தான் நம்புவது?" என்று ஒரு பட்டிமன்றத்தில் கேட்டேன். சரியான வாதமா?

ப: கைதட்டல் வாங்கும் வாதம். ஆனால் பாதித் தேற்றத்தை விழுங்கிவிட்டது. தர்க்கவியலாளர் கர்ட் கோடல் 1931-இல் வெளியிட்ட முடிவுக்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு கூற்று எடுகோள் (நிரூபிக்காமல் ஏற்கும் தொடக்கக் கூற்று) பட்டியலில் இருக்கிறதா என்று இயந்திரத்தனமாகச் சரிபார்க்க முடிய வேண்டும். இயல் எண்களின் கூட்டல், பெருக்கல் இரண்டுக்கும் அந்தப் பட்டியல் போதுமானதாக இருக்க வேண்டும். பட்டியலுக்குள் முரண்பாடு இருக்கக் கூடாது. (கோடல் கேட்டது இதைவிடச் சற்று வலுவான நிபந்தனை, 1936-இல் ராசர் அதைத் தளர்த்தினார்.) இவ்வளவும் பொருந்தினால், அந்தப் பட்டியலைக் கொண்டு நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத எண்கணிதக் கூற்று ஒன்று நிச்சயம் இருக்கும்.

பெருக்கலை எடுத்துவிடுங்கள், கதையே மாறிவிடும். கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதத்தில் எந்தக் கூற்றையும் ஒரு செயல்முறையால் தீர்த்துவிடலாம் என்று 1929-இலேயே பிரஸ்பர்கர் காட்டினார். யூக்ளிட் வடிவியலின் அடிப்படைப் பகுதிக்கும் டார்ஸ்கி அதையே செய்தார். எனவே யாராவது "நிரூபிக்க முடியாது" என்றால், "எந்த எடுகோள்களிலிருந்து?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் பேசுவது கோடலைப் பற்றி அல்ல.

கே: "உண்மை, ஆனால் நிரூபிக்க முடியாது" என்கிறார்கள். நிரூபிக்காமலே உண்மை என்று எப்படித் தெரிந்தது?

ப: வேறொரு வலுவான பட்டியலில் நிரூபித்துத்தான்! கையால் போட்டுப் பார்க்கவே ஒரு கணக்கு இருக்கிறது. 1944-இல் குட்ஸ்டீன் கொடுத்தது. ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளின் கூட்டலாக எழுதுங்கள். அடுக்குக்குறியில் பெரிய எண் வந்தால் அதையும் அப்படியே பிரித்து எழுத வேண்டும். இனி எல்லா 2-ஐயும் 3 ஆக்கி, வரும் விடையில் 1 கழியுங்கள். அடுத்த சுற்றில் 3-இன் அடுக்குகளாக எழுதி, 3-ஐ 4 ஆக்கி, 1 கழியுங்கள். பிறகு 4-ஐ 5 ஆக்க வேண்டும். 0 வரும்வரை இப்படியே போகலாம்.

3-இல் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0. அவ்வளவுதான். 4-இல் தொடங்கிப் பாருங்கள். 4 என்பது 2²; அது 3³ = 27 ஆகி, 1 போக 26. அந்த 26 = 2×3² + 2×3 + 2. அடிமானத்தை (அடுக்கேறும் எண்ணை) 4 ஆக்கினால் 2×4² + 2×4 + 2 = 42; 1 போக 41. அடுத்து 60, 83, 109. (இங்கே பலர் சறுக்குவது பெருக்கெண்ணில்: 2×3²-இல் முன்னால் நிற்கும் 2-ஐயும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். மாறுவது அடிமானம் மட்டுமே.) ஏறிக்கொண்டே போகும் இந்த வரிசையும் ஒருநாள் 0-வில் வந்து நிற்கிறது. ஆனால் அப்போதைய அடிமானத்தை எழுதவே 12 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும்.

எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியிலும் அடிமானம் இருக்கும் இடத்தில் ஒமேகா என்ற முடிவிலி வரிசையெண்ணைப் (எல்லா இயல் எண்களுக்கும் அடுத்து வருவது) போடுங்கள். 26-க்கு இரண்டு ஒமேகா², இரண்டு ஒமேகா, மேலே 2. 41-க்கும் அதே, ஆனால் மேலே 1. அடிமானம் 3 ஆனாலும் 4 ஆனாலும் ஒமேகா ஒமேகாவேதான். கழிக்கும் அந்த 1 மட்டும் ஒவ்வொரு முறையும் இதைக் குறைக்கிறது. வரிசையெண்கள் முடிவில்லாமல் இறங்க முடியாது. ஆகவே எண்களின் வரிசையும் நின்றே தீரும்.

"எந்த எண்ணில் தொடங்கினாலும் நிற்கும்" என்பதைப் பெயானோவின் எண்கணித எடுகோள்களால் (இயல் எண்களுக்கான வழக்கமான பட்டியல்) நிரூபிக்க முடியாது என்று 1982-இல் கிர்பியும் பாரிஸும் காட்டினார்கள். 4-க்குத் தனியாக, 5-க்குத் தனியாக என்றால் முடியும். எல்லா எண்ணுக்கும் சேர்த்து ஒரே கூற்றாகக் கேட்டால்தான் முடியாது. காரணம், குட்ஸ்டீன் தேற்றத்திலிருந்து அந்தப் பட்டியலின் முரண்பாடின்மையே கிடைத்துவிடும். தன் முரண்பாடின்மையைத் தானே நிரூபிப்பதைக் கோடலின் இரண்டாம் தேற்றம் தடுக்கிறது.

கே: தானே சவரம் செய்துகொள்ளாதவர்கள் எல்லோருக்கும், அவர்களுக்கு மட்டும், சவரம் செய்யும் ஊர் நாவிதரின் புதிரும் ரஸ்ஸல் முரண்பாடும் ஒன்றுதானே?

ப: அமைப்பு ஒன்று, பாதிப்பு வேறு. நாவிதர் தனக்கே சவரம் செய்தாலும் முரண், செய்யாவிட்டாலும் முரண். அப்படியொரு நாவிதர் இல்லை என்றால் புதிர் முடிந்தது. "தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்களின் கணம்" (அது தனக்கே உறுப்பா என்பதுதான் ரஸ்ஸல் முரண்பாடு) இல்லை என்று, எண்கணிதத்தைத் தர்க்கத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்த ஃபிரேகேயால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எந்தப் பண்புக்கும் ஒரு கணம் உண்டு என்பது அவருடைய எடுகோள்களிலிருந்தே வந்தது. 1902 ஜூனில் ரஸ்ஸலின் கடிதம் வந்தபோது அவர் நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தது. ஏற்கெனவே உள்ள கணத்திலிருந்து மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று 1908-இல் செர்மெலோ வேலி போட்டார்.

கே: இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் நடுவில் வேறு அளவு உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

ப: ஒரே வார்த்தையில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். இல்லை என்று 1878-இல் கேன்டர் கருதினார். இதுதான் கண்டினியம் கருதுகோள். 1900-இல் ஹில்பர்ட் தன் கணக்குப் பட்டியலில் இதை முதலில் வைத்தார். இன்றைய கணக் கோட்பாட்டின் பொதுப் பட்டியலான இசட்எஃப்சி-யால் இதை மறுக்க முடியாது என்று 1938-இல் கோடல் காட்டினார். நிரூபிக்கவும் முடியாது என்று 1963-இல் பால் கோஹன் காட்டினார். அதற்காக அவர் உருவாக்கிய ஃபோர்சிங் முறை 1966-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றுத் தந்தது. இசட்எஃப்சி முரண்பாடில்லாதது என்பது இரண்டு முடிவுக்கும் நிபந்தனை.

குட்ஸ்டீன் கணக்கோடு இதைச் சேர்க்காதீர்கள். அங்கே வலுவான பட்டியல் ஒன்றை எல்லோரும் ஏற்கிறார்கள். இங்கே அப்படி ஏற்கப்பட்ட பட்டியல் இல்லை. பெரிய முடிவிலிகள் உண்டு என்று சொல்லும் வழக்கமான புது எடுகோள்களும் இதை அசைக்கவில்லை. அதற்காக எது வேண்டுமானாலும் ஆகலாம் என்றும் இல்லை. மெய்யெண்களின் அளவு அலெஃப்-1 (இயல் எண்களின் முடிவிலிக்கு அடுத்த அளவு; கருதுகோள் சொல்வது இதையே), அதற்கடுத்த அலெஃப்-2, அலெஃப்-17 எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அலெஃப்-ஒமேகாவாக (அலெஃப்-1, 2, 3 என எல்லாவற்றுக்கும் அடுத்தது) இருக்க முடியாது, கோனிக்கின் தேற்றம் விடாது.

கருதுகோள் தவறாகவே முடியும் என்று 1947-இல் கோடல் ஊகித்தார். 2021-இல் அஸ்பெரோவும் ஷிண்ட்லரும், தனித்தனியாக வளர்ந்த இரு எடுகோள்களில் ஒன்று மற்றதைத் தருகிறது என்று நிரூபித்தார்கள். இரண்டுமே மெய்யெண்களின் அளவு அலெஃப்-2 என்பவை. அந்த இரண்டில் ஒன்றை உருவாக்கிய வுடின் என்பவரோ இப்போது கருதுகோள் மெய்யாகும் வேறொரு வழியில் நிற்கிறார். ஹாம்கின்ஸ் போன்றவர்கள் கணப் பிரபஞ்சங்களே பல என்கிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. தேடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

கே: நிரூபணங்களைக் கணினியே சரிபார்த்துவிட்டால் இந்தச் சிக்கலெல்லாம் தீருமா?

ப: தீராது. காக் (இப்போது பெயர் ராக்), லீன் போன்ற மென்பொருள்கள் விதிப்படி வந்ததா என்று பார்க்கும், விதி சரியா என்று பார்க்காது. ஆனால் தன் வேலையில் கெட்டி. வெற்று நாடாவில் தொடங்கி நின்றுவிடும் 5 நிலை, 2 குறியீட்டு டூரிங் இயந்திரங்களில் (நாடாவில் குறி எழுதி நகரும் கற்பனையான எளிய கணினிகள்) அதிக அடி ஓடுவது 4,71,76,870 அடி என்பதை 2024-இல் காக் சரிபார்த்தது. மறுபக்கம், இசட்எஃப்சி-யில் முரண்பாடு இருந்தால் மட்டும் நிற்கும் இயந்திரத்தை ஆயிரத்துக்கும் குறைவான நிலைகளில் கட்டியிருக்கிறார்கள். இசட்எஃப்சி முரண்பாடில்லாதது என்றால், அந்த இயந்திரம் நிற்காது என்பதை இசட்எஃப்சி-யால் ஒருபோதும் நிரூபிக்க முடியாது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம்: 6 நிலையிலேயே கொல்லாட்ஸ் புதிரை (இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மும்மடங்கோடு 1 கூட்டு; எப்போதும் 1-க்கு வருமா?) ஒத்த கணக்குகள் வழிமறித்து நிற்கின்றன.