கூரை இல்லாத காரில் தோள் பெல்ட்டை எங்கே மாட்டுவது? வாசகர் கேள்வி பதில்

பழைய கார் புதுப்பிப்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீட் பெல்ட் பற்றித்தான், அதுவும் திறந்த கார் வைத்திருப்பவர்களிடமிருந்து. அதனால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என்னிடம் 1965 ஃபோர்டு மஸ்டாங் கன்வர்டிபிள் இருக்கிறது. துருப்பிடித்த தரைத் தகடுகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. காரோடு வந்தது இடுப்பு பெல்ட் மட்டுமே. தோள் பெல்ட் இல்லாமல் குடும்பத்தை ஏற்ற மனம் வரவில்லை. மூன்று முனை பெல்ட் செட் ஒன்றை வாங்கி, மேல் முனையை சீட்டுக்குப் பின்னால் தரையிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடலாமா? (வாசகர், ஒஹையோ)

பதில்: தரையில் போடாதீர்கள். உங்கள் கவலை நியாயமானது, ஆனால் இந்த வழி ஆபத்தானது.

மூடிய காரில் தோள் பெல்ட்டின் மேல் முனை கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலோ, கூரையின் ஓரச் சட்டத்திலோ பிடித்திருக்கும். அதாவது உங்கள் தோளின் உயரத்தில், அல்லது அதற்கும் மேலே. கன்வர்டிபிளில் அந்தத் தூணும் கிடையாது, கூரைச் சட்டமும் கிடையாது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் புதிய கார்களின் முன் சீட்டுகளுக்குத் தோள் பெல்ட் கட்டாயம் என்று விதி வந்தபோதுகூட கன்வர்டிபிளுக்கு விலக்கு கொடுத்து, இடுப்பு பெல்ட் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மேல் முனையைத் தரையில் போட்டால் என்ன ஆகும்? மோதலில் உடம்பு முன்னால் பாயும், பெல்ட் இறுகும், இறுகும்போது தோளிலிருந்து பின்பக்கம் சரிந்து இறங்கும் பட்டை தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், அந்த விசை நேராக முதுகெலும்பில் இறங்கும். பட்டை 45 டிகிரி சரிவில் இறங்கினால் அதன் இழுவிசையில் பத்தில் ஏழு பங்கு கீழ்நோக்கிப் போகிறது, 10 டிகிரியில் பத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. தரைக்குப் போகும் பட்டையின் சரிவு 45 டிகிரியைத் தாண்டிவிடும். சீட் முதுகு குறுக்கே நின்று தாங்கிக்கொள்ளும் என்றும் நம்பாதீர்கள், அந்தக் காலத்து முன் சீட்டின் முதுகு முன்பக்கம் மடியக்கூடியது, மடியாமல் பிடிக்கும் பூட்டு வேண்டும் என்ற விதியும் 1968-இல்தான் வந்தது.

சரி, அப்போது என்ன செய்யலாம்? நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெயிண்டுக்கு முன்பு என்றால் வெல்டிங் செய்ய வழி இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால், பக்கவாட்டு உள் தகட்டையும் சக்கர வளைவையும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தாங்கியை, கார் உடற்கூடு வேலை தெரிந்த பொறியாளரைக் கொண்டு வடிவமைத்துச் செய்யுங்கள். பெல்ட் தோள் உயரத்தில் திரும்பும்படி அதில் ஒரு வழிகாட்டி வேண்டும். கூரைத்துணி மடிந்து உட்காரும் இடமும் பின் ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடமும் அங்கேதான் இருக்கின்றன, எனவே கூரையை ஏற்றி இறக்கி, கண்ணாடியையும் முழுக்க இறக்கிப் பார்த்த பிறகு தாங்கியின் இடத்தை முடிவு செய்யுங்கள். இன்னொரு வழி, குறுக்குக் குழாய் உள்ள தரமான ரோல் பார் ஒன்றை மாட்டி, பெல்ட்டை அதன் வழியாகக் கொண்டுவருவது. காரின் தோற்றம் மாறிவிடும், உண்மைதான். ஆனால் கார் கவிழ்ந்தால் உங்கள் தலைக்கு மேல் ஏதாவது இருக்க வேண்டும் என்றால் இது ஒன்றுதான் வழி. குழாய் தலைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கென்று வரும் கெட்டியான பஞ்சு உறையைக் கட்டாயம் போடுங்கள்.

அமெரிக்க விதிப்படி மூன்று முனை பெல்ட்டின் பிடிமானங்கள் இடுப்புப் பட்டையில் 3,000 பவுண்டு, தோள் பட்டையில் 3,000 பவுண்டு என இரண்டு இழுப்பையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 1,360 கிலோ! ஒற்றைத் தகட்டில் ஓட்டை போட்டு வாஷர் வைத்தால் போல்ட் அந்தத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பந்தயக் கார்களுக்கான சர்வதேச விதி ஒவ்வொரு பிடிமானத்துக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தாங்கு தகடு கேட்கிறது. சாலையில் ஓடும் காருக்கும் அதையே குறைந்தபட்ச அளவாக வையுங்கள். போல்ட் 7/16 இன்ச், இன்ச்சுக்கு 20 மரை உள்ளது, பெல்ட்டோடு வருவதையே போடுங்கள். வெல்டிங் நடக்கும்போது பெல்ட் காரில் இருக்கவே கூடாது.

இவ்வளவும் செய்ய முடியாவிட்டால், புதிய, நல்ல இடுப்பு பெல்ட்டைச் சரியான கோணத்தில் போட்டு ஓட்டுங்கள். தவறான இடத்தில் பிடித்த தோள் பெல்ட்டைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: அந்த இடுப்பு பெல்ட்டுக்குச் 'சரியான கோணம்' என்று ஒன்று இருக்கிறதா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இடுப்பிலிருந்து தரைப் பிடிமானத்துக்குப் போகும் கோடு கிடைமட்டத்துக்கு 30 முதல் 75 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் படுத்திருந்தால் பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டவர்களுக்கு மோதலில் வரும் ஒரு வகை முதுகெலும்பு முறிவை மருத்துவர்கள் 'சான்ஸ் முறிவு' என்பார்கள், 1948-இல் அதை விவரித்த பிரிட்டிஷ் கதிரியக்க மருத்துவரின் பெயர் அது. வயிற்றுக்கு மேலே கட்டியவர்களுக்குக் குடலும் சேர்ந்து அடிபடும். எனவே பட்டை தொடையின் மேல்மடிப்பில், இறுக்கமாக.

கேள்வி: எனது திறந்த காருக்குப் பந்தயக் காரில் இருப்பது போல நான்கு முனை ஹார்னெஸ் போட ஆசை. ரோல் பார் இல்லை. சாலையில் மட்டும்தான் ஓட்டுவேன். (வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: ரோல் பார் இல்லாத காரில் ஹார்னெஸ் போட வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஹார்னெஸ் உங்களை நிமிர்த்தி, அசையவிடாமல் கட்டிவைக்கிறது. கார் கவிழ்ந்தால் காரின் மிக உயரமான பாகம் உங்கள் தலையாக இருக்கும், குனியவும் முடியாது, சாயவும் முடியாது.

ரோல் பார் இருந்தாலும் நான்கு முனையில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு தோள் பட்டைகளும் இடுப்புப் பட்டையின் நடு பக்கிளில் சேர்வதால், மோதலில் அவை பக்கிளை மேலே இழுக்கும், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும், உடம்பு அதன் அடியில் நழுவும். கால்களுக்கு இடையே போகும் ஐந்தாவது அல்லது ஆறாவது பட்டை அதைத் தடுக்கத்தான். அப்புறம், ஹார்னெஸை இறுக்கிக் கட்டினால் பழைய கார்களில் சோக், விளக்கு ஸ்விட்ச் எதுவும் கைக்கு எட்டாது. எட்டவில்லை என்று தளர்த்தி வைப்பார்கள், தளர்ந்த ஹார்னெஸால் பயனே இல்லை. சாலைக்கு, பட்டையைத் தானே சுருட்டிக்கொள்ளும் ரீல் உள்ள மூன்று முனை பெல்ட்டே போதும்.

கேள்வி: என்னுடையது 1963 எம்ஜிபி ரோட்ஸ்டர், இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். ரீல் உள்ள பெல்ட் வாங்கிப் போட்டேன், ஆனால் இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது. பெல்ட் இல்லாமலே ஓட்டினால் சட்டப்படி தவறா? ஐந்து வயது மகளையும் கூட்டிப்போக வேண்டும். (வாசகர், லெஸ்டர்)

பதில்: ரீல் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன், மாட்டிய கோணம்தான் தவறு. ரீலுக்குள் ஒரு எஃகுக் குண்டோ ஊசலோ இருக்கும், கார் சட்டென்று வேகம் குறைந்தால் அது நகர்ந்து பல்சக்கரத்தைப் பூட்டும். ரீலைச் சாய்த்து மாட்டினால் கார் நிற்கும்போதே அது நகர்ந்து பூட்டிக்கொள்கிறது. உங்கள் காரில் ரீல் பின் சக்கர வளைவில் உட்காரும், அந்த இடம் நேர்ச்சுவர் இல்லை என்பதால் அந்தக் காருக்கென்றே விற்கும் தாங்கியோடு உள்ள செட்டைக் கேட்டு வாங்குங்கள். சில் பக்கப் பிடிமானத்தையும் பாருங்கள். எம்ஜிபி சில்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை, மேலே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சட்டம்: பிரிட்டனில் 1965-க்கு முன் பதிவான காரில் முன் சீட் பெல்ட் பொருத்துவது கட்டாயமில்லை. ஆனால் பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பின் சீட்டில் மட்டுமே உட்காரலாம். உங்கள் காருக்குப் பின் சீட்டே கிடையாது. எனவே பெல்ட்டைச் சரியாக மாட்டி, மகளின் உயரத்துக்கும் எடைக்கும் பொருந்தும், அந்த பெல்ட்டோடு பயன்படுத்தலாம் என்று குறிக்கப்பட்ட குழந்தை இருக்கை வாங்கிய பிறகுதான் அவளை ஏற்ற முடியும்.

கேள்வி: காரோடு வந்த பழைய பெல்ட்டுகளின் பட்டை வெளுத்துவிட்டது. சாயம் போட்டு, சீட் தைப்பவரிடம் ஓரம் தைத்து வாங்கலாமா? கண்காட்சிக்கு அசல் பொருள் வேண்டும். (வாசகர், மிச்சிகன்)

பதில்: கூடாது. வெளுத்த நிறம் வெயில் இழையைத் தின்றதற்கு அடையாளம், திறந்த காரில் அது இன்னும் வேகமாக நடக்கும். சாயம் அதை மறைக்கும், வலுவைத் திருப்பித் தராது. பெல்ட்டின் தையலும் சீட் உறையின் தையலும் வேறு வேறு, அந்த நூலும் அந்த முறையும் பெல்ட்டின் சுமையைத் தாங்கா. பழைய பக்கிளை வைத்துக்கொண்டு புதுப் பட்டை மாற்றித் தரும் பெல்ட் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன, அவர்களிடம் அனுப்புங்கள். அசல் பெல்ட்டை அப்படியே காட்ட வேண்டும் என்றால் அதைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள், கண்காட்சி மைதானத்தில் கார் நின்ற பிறகு மாட்டுங்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் புதியதை மாட்டிக்கொள்ளுங்கள்.