நரம்பைக் காக்கும் புரதம் சொட்டு மருந்தாகக் கிடைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. கிளாகோமாவுக்காக (பார்வை நரம்பு கெடும் கண் நோய்) இரவில் லட்டானோபிராஸ்ட் சொட்டு விடுகிறோம். பார்வை நரம்பைக் காக்கும் புரதம் ஒன்று உண்டாமே, சென்னையில் வாங்க முடியுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: அந்தப் புரதம் அம்மாவின் உடம்பிலேயே ஊறுகிறது. பெயர் பிடிஎன்எஃப். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம். அவை போய்ச் சேரும் இடத்தில் சுரக்கும் பிடிஎன்எஃப், அதே இழை வழியாகத் திரும்பி வந்து விழித்திரைச் செல்லை உயிரோடு வைத்திருக்கிறது. விழித்திரையும் கொஞ்சம் சுரக்கும். அது மட்டும் போதாது. கண்ணில் பிரஷர் ஏறினால், நரம்பு வெளியேறும் சல்லடைத் தட்டில் இழைகள் நெரிபட்டு, புரதம் அங்கேயே தேங்கிவிடும். அது வந்து சேராத செல் தன்னையே அழித்துக்கொள்ளும். போன செல் திரும்பாது.

மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றில் செரித்துவிடும். சொட்டாக விட்டால், பெரிய மூலக்கூறு என்பதால் விழித்திரைவரை போதிய அளவு போய்ச் சேராது. எலிகளுக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டபோது செல்கள் கூடுதல் நாள் பிழைத்தன, பலன் நீடிக்கவில்லை. புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்துபோவது அதற்கு ஒரு காரணம்.

அதனால் பிரஷரைக் குறைத்து அந்தப் பாதையைக் காப்பதுதான் இன்று கையில் இருக்கும் வைத்தியம். நீங்கள் விடும் சொட்டு அதைத்தான் செய்கிறது. சரியாக விடுங்கள். கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு விட்டால் கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் அழுத்துங்கள்; இல்லையென்றால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். வேறு சொட்டும் இருந்தால் 5 நிமிடம் கழித்து. திறந்த புட்டி 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால் சென்னை வெயிலுக்கு அலமாரி சரிப்படாது. ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி, பெட்டியில் போட்டிருக்கும் 4 அல்லது 6 வாரம் முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கவே கூடாது, அதுவே பிரஷரை ஏற்றும். கிளாகோமா பரம்பரையாகவும் வரும். உங்களுக்கு 40 தாண்டியிருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இந்த வகைச் சொட்டு விற்கிறதே?
– வாசகர், தாம்பரம்

பதில்: அது செனஜெர்மின், என்ஜிஎஃப் என்ற வேறு புரதம். கருவிழி நரம்பு மரத்துப் புண் ஆறாதவர்களுக்காக 2018-இல் அமெரிக்கா அனுமதித்தது. நாளைக்கு 6 வேளை, 8 வாரம். கிளாகோமாவுக்கு அல்ல. சிஎன்டிஎஃப் என்ற இன்னொரு நரம்பு காக்கும் புரதத்தைச் சுரக்கும் செல்களை அடைத்துக் கண்ணுக்குள் பதிக்கும் சிறு குழாய்க்கும் அங்கே 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அது மாக்டெல் வகை 2 என்ற விழித்திரை நோய்க்கு மட்டும்.