பிற்பகலில் ‘காணாமல் போகும்’ திரவம்

பினாங்கு லெபோ பாசாரில் அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவரின் ஐயம் இது. ஏர்கோன் ஓடும் கடைக்குள் 2 கிலோ கரிவளித் (கார்பன் டை ஆக்சைடு) தீயணைப்பானைக் குலுக்கினால் உள்ளே திரவம் அலம்புவது கைக்குத் தெரிகிறது. பிற்பகலில் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் வெகுநேரம் இருந்தபின் குலுக்கினால் அசைவே இல்லை. வாயு கசிந்துவிட்டதா? அழுத்தமானியே இல்லாத கருவியைச் சர்வீஸ்காரர் தராசில் மட்டும் நிறுத்துப் பார்ப்பது சரிதானா?

அலம்பல் நின்றதை மட்டும் வைத்துக் கசிவென்று கொள்ள வேண்டாம். கரிவளியின் மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகை செல்சியஸ். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவம், வாயு என இரண்டாகப் பிரிந்து நிற்காது. பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் இதே கரிவளியைக் கொண்டுதான் இதை விளக்கினார். கண்ணாடிக் குழாயில் சரியான அளவு நிரப்பி மெல்லச் சூடாக்கினால் திரவத்தின் மேற்பரப்பு மங்கி, உள்ளே பால்போல் ஒரு வெண்மை படர்ந்து, பின் கோடே இல்லாமல் மறைந்துவிடும்.

தீயணைப்பானில் நடப்பது சற்று வேறு. லிட்டருக்குச் சுமார் மூன்றில் இரண்டு கிலோ வரை, அதாவது அந்தக் கண்ணாடிக் குழாய்க்குச் சரியான அளவான மாறுநிலை அடர்த்தியைவிடக் கூடுதலாக நிரப்பும் வழக்கம் இருப்பதால், 27, 28 பாகையை நெருங்கும்போதே திரவம் விரிந்து மேலிருந்த இடைவெளியை நிறைத்துவிடுகிறது; அலம்புவதற்கு இடமில்லை. பினாங்கின் பிற்பகல் 32 பாகையைத் தொடுகையில் அதைத் திரவம் என்று சொல்வதற்கும் இல்லை. (சமையல் கேஸில் இந்தக் குழப்பம் வராது, அதிலுள்ள புரொப்பேனின் மாறுநிலை வெப்பநிலை 97 பாகையை ஒட்டியது.)

தராசுதான் சரியான கருவி. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிப்பதால், திரவம் முக்கால்வாசி இருந்தாலும் அடியில் கொஞ்சம் இருந்தாலும் 25 பாகையில் மானி ஏறத்தாழ 64 பாரையே (பார் என்பது அழுத்த அலகு) காட்டும். ஆகவே தீயணைப்பானில் குறிக்கப்பட்டுள்ள வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள், உள்ளிருப்பு 1.8 கிலோவுக்குக் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்பக் கொடுங்கள்.

வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டும் இதை வைக்காதீர்கள். இடைவெளி நிறைந்த பிறகு ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். 50 பாகையில் அது 130 பாரையும் தாண்டிவிடும்.