தோல் மருத்துவர் பதில்கள்: ஆடிக் காற்றும் கரப்பானும்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான் வந்துவிட்டது. வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். ஆடிக் காற்று ஆரம்பித்தால் இரவெல்லாம் சொறிகிறாள், விரிப்பில் ரத்தக்கறை. கத்தரிக்காய், தக்காளி, முட்டை, நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தியும் பலனில்லை. ஸ்டீராய்டு களிம்பு என்பதால் மாமியார் பூச விடுவதில்லை. தூசியால்தான் வருகிறதா? வீட்டை மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், பல்லடம்

பதில்: வீட்டை மாற்ற வேண்டாம், அம்மிணி. உங்கள் மகளின் தோலைக் கவனித்தால் போதும், அதே வீட்டில் நிம்மதியாகத் தூங்குவாள்.

கரப்பான் (எக்ஸிமா) உள்ள பிள்ளைகளின் மேல்தோல் காரை பெயர்ந்த சுவர் மாதிரி. தோலை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் இவர்களில் பலருக்குப் பிறவியிலேயே குறைவு. ஈரம் வெளியேறிவிடும், தூசி உள்ளே போய்விடும். குடும்பத்தில் யாருக்காவது மூச்சிளைப்போ, காலையில் அடுக்குத் தும்மலோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

தூசி என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வகை. ஒன்று தறியின் பஞ்சு. இது பெரும்பாலும் ஒவ்வாமையைக் கிளப்புவதில்லை, உராய்ந்து எரிச்சலைத்தான் தருகிறது. தறி ஓட்டும் குடும்பத்துப் பிள்ளைகளின் முழங்கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். தடித்த மடிப்பின் ஒவ்வொரு வெடிப்பிலும் வியர்வையோடு சேர்ந்து பஞ்சு இழை ஒட்டியிருக்கும். களிம்பு பூசிய கையோடு குழந்தை குடோனுக்குள் போகக் கூடாது. அவளுடைய அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்ததும் பனியனை மாற்றி, தலையைத் தட்டி, கை கழுவிய பிறகே அவளைத் தூக்கட்டும்.

இரண்டாவது, படுக்கையில் வாழும் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நாம் உதிர்க்கும் தோல் செதிலே அதன் உணவு. அதன் கழிவில் உள்ள நொதிகள் ஏற்கெனவே பலவீனமான தோலை மேலும் அரிக்கின்றன. காற்றில் ஈரம் கூடினால் பெருகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் நம் பக்கம் ஈரத்தையும் புழுதியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. மெத்தையை வெயிலில் போடவும் அப்போது வாய்ப்புக் குறைவு. இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போடுங்கள். விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். துணிப் பொம்மை இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து, பிறகு துவையுங்கள். அவள் அறையில் இருக்கும்போது விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கலாம். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

உறை போட்டதும் கரப்பான் மறைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். உறைகளை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. தோல் என்ற அந்தச் சுவரைப் பூசுவதே முதல் வேலை.

வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல் போதும். பயத்தமாவு தேய்ப்பது, மஞ்சள் பூசுவது எல்லாம் இந்தத் தோலுக்கு ஆகாது. ஒற்றித் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் உடல் முழுக்க வாசனை சேர்க்காத ஈரப்பூச்சைத் தடவுங்கள். அளவில் கஞ்சம் வேண்டாம்: இந்த வயதுக்கு வாரம் கால் கிலோவாவது ஆகும். வசதி இல்லையென்றால் வெள்ளை வாசலின் போதும், காங்கயத்துச் செக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். போர்வெல் தண்ணீரின் உப்புக்குப் பயந்து, நீரை மென்மையாக்கும் கருவிக்குக் கடன் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 336 பிள்ளைகளை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வில் அந்தக் கருவியால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் நுரை வராது என்பதற்காகச் சோப்பை அதிகம் தேய்ப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த வீரியத்தில், எழுதிய அளவில் பூசும் ஸ்டீராய்டு பிள்ளையைக் கெடுக்காது. உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது உங்கள் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். தோல் மிருதுவாகும் வரை தினம் ஒருமுறை. பிறகும் அடிக்கடி திரும்பி வரும் இடங்களில் வாரம் இரண்டு நாள் தொடரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கெடுப்பது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள்.

கத்தரிக்காயையும் தக்காளியையும் நாளைக்கே கொடுங்கள். வளரும் பிள்ளையின் தட்டைக் காலியாக்குவது எனக்குப் பொறுக்காது. முட்டையையும் கடலையையும் மட்டும் மருத்துவரைப் பார்த்த பிறகே திரும்பத் தொடங்குங்கள். நீண்ட நாள் நிறுத்திவிட்டுக் கொடுக்கும்போது சில பிள்ளைகளுக்கு உடனடி ஒவ்வாமை வருவதுண்டு.

காய்ச்சலோடு, குழி விழுந்தது போன்ற சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: வயது 54. சிறுவயதில் எனக்குத் தோல் நோயே இருந்ததில்லை. நான்கைந்து வருடங்களாக, மழைக்குப் பிறகு கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து அரிக்கிறது. கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்ப்பவன். இதுவும் கரப்பானா?
– ஒரு விவசாயி, காங்கயம்

பதில்: ஐயா, பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் வயதில், மழையை ஒட்டிப் புதிதாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பார்த்தீனியத்தை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களில் புனே பக்கம் கவனத்துக்கு வந்து, இன்று நம் கிளுவை வேலி ஓரம் வரை வந்துவிட்டது. அதிலுள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் காய்ந்த செடியின் தூளோடு காற்றில் பறக்கிறது. மேல் இமை, காதின் பின்புறம், தாடைக்குக் கீழ் என்று வெயில் அதிகம் படாத இடங்களிலும் தடிப்பு இருந்தால் காற்றில் வரும் பொருள்தான் காரணம் என்று ஊகிக்கலாம்.

சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறுதியானால் அந்தச் செடியை நீங்கள் தொடவே கூடாது. வீட்டில் வேறு யாராவது கையுறை போட்டு, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கட்டும். எரிக்க வேண்டாம். மேய்ச்சலிலிருந்து வந்ததும் கட்டுத்தரையிலேயே முகம், கழுத்து கழுவிச் சட்டையை மாற்றுங்கள். செவ்வந்தியும் அதே குடும்பம், கோயில் மாலை கழுத்தில் பட்டாலும் சிலருக்கு அரிக்கும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் மகனுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட பொருட்கள் ஒத்துக்கொள்ளாது என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் விலக்க வேண்டுமா?
– ஒரு தந்தை, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம். அந்தப் பட்டியல், உடல் எதையெல்லாம் அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. கரப்பான் உள்ளவர்களுக்கு எண்கள் கூடுதலாகவே வரும். இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டுவந்ததைத் தொடர்ந்து கொடுங்கள். எந்த நாள், எந்த இடத்தில் இருந்தபோது அரிப்பு கூடியது என்று ஒரு மாதம் குறித்துவைத்து, பட்டியலோடு அந்தக் குறிப்பையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.